கோர்ட் காகிதமோ போலீஸ் நோட்டீஸோ வந்தால் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது

தமிழ்நாட்டில் எந்தக் கோர்ட் காகிதம் கைக்கு வந்தாலும், வழக்கு எண்ணுக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று எழுத்துகளை முதலில் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கும். சி.சி. என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் கிரிமினல் வழக்கு. எஸ்.டி.சி. என்றால் அதே மாஜிஸ்திரேட் சுருக்கமாக விசாரித்து முடிக்கக்கூடிய வகை. எஸ்.சி. என்றால் செஷன்ஸ் கோர்ட், கொலை, கொலை முயற்சி மாதிரி கனமான விஷயம். ஓ.எஸ். என்றால் சொத்து, கடன், பாகப்பிரிவினை பற்றிய சிவில் வழக்கு. எச்.எம்.ஓ.பி. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் விவாகரத்தோ, சேர்ந்து வாழச் சொல்லிக் கேட்பதோ. எம்.சி. ஜீவனாம்சம். ஜி.டபிள்யூ.ஓ.பி. பிள்ளை யாரிடம் வளர்வது என்பது. எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு. இவை எதுவும் இல்லாமல் ஒரு ஸ்டேஷன் பெயரும் 'கு.எண்' என்றும் மட்டும் இருந்தால், அது எஃப்.ஐ.ஆர். எண், விஷயம் இன்னும் போலீஸ் விசாரணையில்தான் இருக்கிறது, கோர்ட்டில் நம்பர் ஆகவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஓ.எஸ். சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு முன்ஜாமீன் கிடைக்குமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், சி.சி. சம்மனை 'ஏதோ நோட்டீஸ்' என்று பீரோவுக்குள் வைத்துவிட்டு வாரண்ட் வந்த பிறகு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிவில் வழக்கின் சம்மனுக்காக யாரும் வந்து கைது செய்யப் போவதில்லை. கிரிமினல் வழக்கில் ஆஜராகாமல் இருந்தால் செய்வார்கள்.

அடுத்து, யார் அனுப்பியது என்று பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு இல்லை. எதிர்த்தரப்பு தன் வக்கீல் மூலம் எழுதிய கடிதம், அவ்வளவுதான். ஆனாலும் பதில் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் பதில் இல்லை என்பதையே பின்னால் கோர்ட்டில் காட்டுவார்கள். செக் பவுன்ஸ் நோட்டீஸ் மட்டும் தனி ரகம். பாங்கிலிருந்து செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணத்தைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்த 15 நாளில் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழக்கே பிறக்காது. 'வக்கீல் நோட்டீஸ்தானே' என்று தூக்கிப் போடக் கூடாத ஒன்று உண்டென்றால் இதுதான்.

மூன்றாவது, தேதி. சம்மனில் ஆஜராக வேண்டிய நாளும் நேரமும் இருக்கும், அதுதான் உங்கள் வாய்தா. அன்றைக்கு வக்கீலோ நீங்களோ போகவில்லை என்றால் கிரிமினலில் பிடியாணை, சிவிலில் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு. அப்படி ஒன்று ஆகிவிட்டால் ரத்து செய்யக் கேட்டு மனு போட சிவில் வழக்கில் 30 நாள், ஜீவனாம்ச வழக்கில் 3 மாதம். சம்மன் கொண்டு வருகிறவர் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். வாங்கிக்கொண்டேன் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்க மறுத்தாலும் வழக்கு நிற்காது, கதவில் ஒட்டிவிட்டுப் போக வழி இருக்கிறது. கிரிமினல் சம்மனை முன்பெல்லாம் வீட்டிலுள்ள ஆண்களிடம்தான் கொடுக்கலாம் என்று இருந்தது, இப்போது வீட்டில் வயதுவந்த யாரிடமும் கொடுக்கலாம், ஆகவே மனைவியோ அம்மாவோ வாங்கி வைத்த காகிதம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். தேதி மறந்துவிட்டதா? காகிதத்தில் சி.என்.ஆர். என்று எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடத்தில் ஒரு எண் இருந்தால் அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள், அடுத்த வாய்தாவும் கடைசியாக என்ன நடந்தது என்பதும் வந்துவிடும். வக்கீல் சொல்வதைச் சரிபார்க்கவும் இது உதவும், அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வண்டி விஷயங்கள்

அபராதக் குறுஞ்செய்தி வந்தால் முதலில் அது நிஜமா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'உங்கள் வண்டிக்குச் சலான்' என்று ஒரு கோப்பு வந்து, அதை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது திருட்டு, எந்த ஆர்.டி.ஓ.வும் போலீசும் அப்படிச் செயலி அனுப்புவதில்லை. அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், இருந்தால் அங்கேயே தெரியும். கட்டாமல் விட்டால் அது மெய்நிகர் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைனிலேயே நடக்கும் கோர்ட்டுக்குப் போகும், அங்கே அபராதத்தைக் கட்டலாம், அல்லது நான் எதிர்த்து வழக்காடுகிறேன் என்று தேர்ந்தெடுக்கலாம். உங்கள் வண்டியே இல்லாத போட்டோவுக்கு வந்த சலான் என்றால் இரண்டாவதைத் தயங்காமல் எடுங்கள். 200 ரூபாய் தானே என்று கட்டிவிடுவது உங்கள் இஷ்டம், ஆனால் உங்கள் எண்ணை வேறொரு வண்டியில் மாட்டிக்கொண்டு யாரோ சுற்றுகிறார்கள் என்றால் அடுத்து வருவது சலானாக இருக்காது.

2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள்தான். ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், பின்னால் உட்கார்ந்தவருக்கும் அதே. லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 5,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவை 10,000 வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே இதில் சிக்குவீர்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் செல்லும், அசலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பிளஸ் ஒன் படிக்கும் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதை மட்டுமாவது படியுங்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்கும் பெற்றோருக்கும்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் பெற்றோர் தலையில்தான்.

இன்னொன்று, பழைய பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விடுவது. பணத்தை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்போம். அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக மாட்டார். அந்த வண்டி நாளைக்கு ஒருவரை இடித்தால் இழப்பீட்டு வழக்கில் சொந்தக்காரர் என்று வருவது பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான், 2018-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் விற்பனையை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்பவருடைய கடமை. பரிவாகனில் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளும் வரை அந்த வண்டி உங்களுடையதுதான்.

விபத்து என்றால் முதலில் ஆஸ்பத்திரி. அடிபட்டவரைச் சேர்த்த வழிப்போக்கரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்மேல் வழக்குப் போடவும் முடியாது. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சட்டமாகவே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். அப்புறம் ஸ்டேஷன். இடித்தவர் கையைப் பிடித்துக்கொண்டு 'கேஸ் வேணாம் அண்ணே, செலவை நான் பார்த்துக்கறேன்' என்பார், முதல் நாள் 5,000 கொடுப்பார், ஒரு வாரம் கழித்து முதுகில் தட்டு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும்போது போனை எடுக்க மாட்டார். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸிடம் போய் நிற்பது மிகவும் கஷ்டம். காயம் என்று ஒன்று இருந்தால் புகாரைப் பதிந்துவிடுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு விபத்து நடந்ததிலிருந்து 6 மாதம். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி, எண்ணே தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

போலீஸ் ஸ்டேஷன்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, 420 இப்போது 318, 302 இப்போது 103. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்களிலேயே வழக்கு நடக்கும், ஆகவே இரண்டு வகைக் காகிதங்களும் இன்னும் சில வருடங்களுக்குக் கண்ணில் படும்.

புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வீட்டிலேயே எழுதி இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். யார், எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள், என்ன போனது. ஒரு பக்கம் போதும். பத்து வருஷத்துப் பங்காளிச் சண்டையை முழுக்க எழுதினால் நேற்று அடித்தது மூன்றாம் பக்கத்தில் காணாமல் போய்விடும். கொடுத்ததும் கேட்க வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது. தேதியும் வரிசை எண்ணும் போட்ட சின்னச் சீட்டு, புகார் அங்கே வந்து சேர்ந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. ஆனால் சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். இல்லை. தொலைந்த சான்றிதழ், வாய்த் தகராறு மாதிரி விஷயங்கள் அதோடு முடியலாம். கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்கிறது என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டம் ஒரு சின்ன இடைவெளி வைத்திருக்கிறது: 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். இது எங்கள் லிமிட் இல்லை என்று திருப்பி அனுப்புவது இனி செல்லாது, எந்த ஸ்டேஷனிலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போட்டு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

போட மறுத்தால்? ஸ்டேஷனில் நின்று கத்துவதில் பயனில்லை. அதே புகாரை மாவட்டமானால் எஸ்.பி.க்கு, மாநகரமானால் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் அந்த ரசீதோடும் ஒரு பிரமாண வாக்குமூலத்தோடும் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் முதலில் எஸ்.பி.யிடம் போனீர்களா என்றுதான் கோர்ட் கேட்கும்.

இப்போது எதிர்ப்பக்கம். ஸ்டேஷனிலிருந்து போன், 'சும்மா ஒரு என்கொயரி, வந்துட்டுப் போங்க'. மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன புகார் எண், நான் சாட்சியாகவா எதிரியாகவா (அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகவா)? எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன் என்று சொல்லலாம். சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும், 15 வயதுக்கு உட்பட்ட பையன்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் நீங்கள் எதிரி. அதன்படி போய் ஒத்துழைக்கிற வரை பொதுவாகக் கைது கிடையாது, போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். போலீஸ் பதிவு செய்யும் விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து என்றால் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

கைது ஆகிவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மற்றதில் குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் அது தானாக வராது.

கடன் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் நிறைய. கடன் திருப்பாதது மட்டும் குற்றமில்லை, அது சிவில். இன்ஸ்பெக்டர் பேசி வாங்கித் தருவார் என்று மாதக்கணக்கில் அலைகிற நேரத்தில் புரோநோட்டை வைத்து வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு ஓடிவிடும். ஓடிவிடும் முன் கொஞ்சம் பணம் வரவு வைத்து, கடன் வாங்கியவர் கையால் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம். பணம் ஆன்லைன் மோசடியில் போனதென்றால் அது வேறு. உடனே 1930-க்குப் போன், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

குடும்பம்

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'இனி இருவருக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, நோட்டரி சீல் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட காகிதம் விவாகரத்து ஆகாது. நிரூபிக்கக்கூடிய சாதி வழக்கம் இருந்தால் மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் அதற்கு ஒரு விதிவிலக்கு, அதை நிரூபிப்பது லேசில்லை. இந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது, இருதார வழக்கும் வரலாம். மகளிர் காவல் நிலையத்தில் 'சமாதானம்' என்று எழுதி வாங்குவதும் கோர்ட் உத்தரவு இல்லை. இருவரும் ஒத்துப் பிரிகிறோம் என்றால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு குடும்ப நல நீதிமன்றத்தில் சேர்ந்து மனு, 6 மாதம் கழித்து மறுபடி வந்து உறுதி சொன்னால் முடிந்தது. அந்த 6 மாதத்தையும் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு இருக்கிறது.

ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு. விவாகரத்து வழக்கு போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இருவரும் சொத்து, வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு படிவமே கொடுத்திருக்கிறது, ஆகவே வேலையை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, பாங்க் ஸ்டேட்மெண்ட் பேசும். அடி, மிரட்டல், வீட்டை விட்டு வெளியே தள்ளுவது என்றால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் தங்கும் உரிமை கேட்கலாம். 181-க்குப் போன் செய்யலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமும் போகலாம். நகை யாருடையது என்ற சண்டை எல்லா வழக்கிலும் வரும், அதனால் சீர் கொடுக்கும்போதே பில்லையும் போட்டோவையும் பெண் வீட்டார் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று எதையும் விட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போன் 15100.

கடைசியாக, பிள்ளைகள் பெயருக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதப் போகும் பெரியவர்களுக்கு. எழுதுவதானால் 'என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுகிறவர் அதெல்லாம் தேவையில்லை என்றாலும் விடாதீர்கள். அந்த வரி இருந்தால், பிள்ளை பார்த்துக்கொள்ளாதபோது 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். மனு கொடுக்க வேண்டியது கோர்ட்டில் இல்லை, ஆர்.டி.ஓ. என்று சொல்கிற வருவாய் கோட்டாட்சியரிடம் (வண்டி ஆர்.டி.ஓ. வேறு, அங்கே போய் நிற்காதீர்கள்). வக்கீல் இல்லாமல் பெற்றோர் தாங்களே பேசலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். பத்திர நகல், ஆதார், மருத்துவ பில்கள், பிள்ளைகளின் முகவரி, இவற்றோடு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.